இரண்டு கிலோ கடன்

(கடைமடைக் கிராமம் ஒன்றின் நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாசலில் நிற்பவர்கள் உள்ளே வாருங்கள், பாய் விரித்திருக்கிறது. மேசை மேல் இருக்கும் துணிப்பைகளைப் பற்றி வரும்போதே சிலர் கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேளாண் கண்காட்சி என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? துணிப் பந்தல், வரிசையாக நிற்கும் டிராக்டர்கள், மதியச் சாப்பாடு, கை நிறையத் துண்டறிக்கை. சாயங்காலம் வீடு திரும்பினால் பையில் தாள் இருக்கும், வயலில் போட ஒன்றும் இருக்காது. நானும் இப்படிப் பல கண்காட்சிகளுக்குப் போய் வந்தவன்தான். இன்று நான் பேச வந்திருப்பது திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழாவைப் பற்றி. அதை நடத்தியவர்களால் ஊருக்கு என்ன நன்மை, விவசாயி வருமானத்துக்கு என்ன நன்மை, மண்ணுக்கு என்ன நன்மை என்று என்னைப் பேசச் சொன்னார்கள். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அந்தத் திருவிழாவின் ஒரு விதி. இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அவ்வளவுதான். நான் கண்ட நன்மை எல்லாம் இந்த விதியிலிருந்து முளைத்தவை.

கொஞ்சம் பின்னால் போவோம். நம் மாவட்டங்கள் எல்லாம் ஒரே தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தபோது, 1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் வந்தது. நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. சில ஆண்டுகளில் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. குட்டை நெல், குறைந்த நாள், நிறைய மகசூல். அதைக் கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நாட்டில் பசி இருந்தது. என் தாத்தா புது நெல்லை மகிழ்ச்சியோடுதான் நட்டார். ஒன்றை மட்டும் நாம் மறந்துவிட்டோம். ஆடுதுறை 27 ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. அது ஒரு ஜப்பான் நெல்லையும் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்து எடுத்தது. அந்த ஜி.இ.பி. 24, கோணாமணி என்ற நம் பழைய நெல்லிலிருந்து 1920-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தது. புது நெல்லுக்குப் பழைய நெல்தான் பாட்டி. பேத்தி வந்ததும் பாட்டியைத் திண்ணையில் விட்டோம், பிறகு திண்ணையிலும் இடமில்லாமல் போயிற்று.

நெல்லுக்கு ஒரு குணம் உண்டு, இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில், சாதாரண சாக்கில் வைத்த விதைநெல் இரண்டு மழைக்காலம் தாண்டினால் முளைப்பு விழுந்துவிடும். வைக்கோல் கோட்டை கட்டி வைத்தாலும், பத்தாயத்தில் வேப்பிலை போட்டு வைத்தாலும், விதை விதையாகவே இருக்க வேண்டுமென்றால் விதைத்தாக வேண்டும். கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பேர் எழுதி ஒட்டினால் அது காட்சிப்பொருள். அதனால்தான் ஒரு தலைமுறை நடாமல் விட்ட நெல் திரும்பக் கிடைப்பதில்லை.

2003இல் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணை வரைக்கும் நடந்தார். அந்த நடையில் உடன் நடந்தவர்களில் ஒருவர் கட்டிமேடு ஜெயராமன். வழியில் விவசாயிகள் தங்களிடம் மிச்சமிருந்த பழைய நெல்லைக் கொடுத்தார்கள். மறு ஆண்டு, 2004இல், கேரளத்தில் கும்பளங்கி என்ற ஊரில் ‘நமது நெல்லைக் காப்போம்’ இயக்கம் தொடங்கியது. அதன் தமிழ்நாட்டுப் பொறுப்பை ஜெயராமன் ஏற்றார். அவர் இருந்த கிரியேட் என்ற அமைப்பு விவசாயச் சங்கமில்லை, நுகர்வோர் அமைப்பு. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. விளைவிப்பவன் மட்டும் கூடினால் விலை இல்லையே என்று அழுவோம். சாப்பிடுகிறவர்கள் மட்டும் கூடினால் விஷமில்லாத அரிசி எங்கே கிடைக்கும் என்று தேடுவார்கள். அந்த அமைப்பும் ஜெயராமனும் இரண்டு பேரையும் ஒரே பந்தலில் உட்கார வைத்ததுதான் நெல் திருவிழா. 174 ரகங்களை மீட்டார் என்று பிற்பாடு எல்லோரும் எழுதினார்கள். ஊரே அவரை ‘நெல்’ ஜெயராமன் என்றது.

174 ரகத்தையும் ஒருவர் ஆண்டுதோறும் தன் நிலத்தில் நட்டுக் காப்பாற்ற முடியுமா? நட்டாலும் ஒரு வெள்ளம் போதும். அதனால் விதையை ஊரெல்லாம் கடனாக விட்டார்கள். என் வயலில் போனால் உன் வயலில் இருக்கும், கீழத்தஞ்சையில் போனால் திருவண்ணாமலையில் இருக்கும்.

நான் முதன்முதலாகப் போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வெயில். திருவிழா பெரும்பாலும் மே கடைசியை ஒட்டி வரும், மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12-க்குக் கொஞ்சம் முன்னால். குறுவைக்கு நாற்றங்கால் தயாராகிற நேரம், சம்பாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். கையில் விதை கிடைத்தால் வீணாகாத பருவம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

பந்தலுக்குள் மண் சட்டிகள் வரிசையாக இருந்தன. சட்டிக்கு ஒரு நெல், பக்கத்தில் அட்டையில் பேர். பூங்கார், தூயமல்லி, காட்டுயானம், கருங்குறுவை, இலுப்பைப்பூச் சம்பா, குழியடிச்சான், ஒட்டடையான், மடுமுழுங்கி. நெல் என்றால் மஞ்சள் என்று நினைத்திருந்தேன். அங்கே கறுப்பு உமி, செம்பு நிற உமி, கோடு போட்டது, பூனை மாதிரி மீசை வைத்தது எல்லாம் இருந்தன. வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி என் பக்கத்தில் நின்றார். ஒரு சட்டியில் கைவிட்டு நாலு நெல்லை எடுத்தார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்து, உமியைத் துப்பிவிட்டு, உள்ளே சிவந்திருந்த அரிசியை என்னிடம் நீட்டினார்.

“செவப்புக் கொடவாழ தம்பி. எங்க அப்பாரு காலத்துல உப்புத் தரையில இதான் நின்னுச்சு. நான் பாத்து நாப்பது வருசம் இருக்கும்.”

அந்த நாலு நெல்லில் மீதி மூன்றை அவர் முந்தானையில் முடிந்துகொண்டதையும் பார்த்தேன்.

விதை கொடுக்கிற இடத்தில் ஒரு மேசை, கோடு போட்ட நீள நோட்டு. பேர், ஊர், போன் நம்பர், ரகம், அளவு, கையெழுத்து. அடமானம் கிடையாது, ஜாமீன் கிடையாது. நான் மாப்பிள்ளைச் சம்பா இரண்டு கிலோ வாங்கினேன். ஆசை, வேறு காரணம் சொல்ல முடியாது.

அந்த ஆண்டு என் பயிர் படுத்துவிட்டது. 160 நாள் பயிர், ஆள் உயரம் போகும். அதற்கு, புது ரகமான சி.ஆர். 1009-க்குப் போடுகிற பழக்கத்தில் மூன்று தடவை யூரியா போட்டேன். கரும்பச்சையாகக் கிளம்பியது, வரப்பில் நின்று பார்க்கவே பெருமையாக இருந்தது. கார்த்திகை அடைமழையில் ஒரே ராத்திரியில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அறுத்ததில் பாதி தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. விதைக்குத் தேறவில்லை. நான்கு கிலோ திருப்பித் தர என்னிடம் நான்கு பிடி நல்ல நெல் இல்லை.

அடுத்த திருவிழா வந்தது. போக வேண்டாம் என்று இருந்தேன். என் மனைவிதான் சொன்னாள்: “கடன்பட்டவங்க ஒளிஞ்சுக்கிட்டா கடன் போயிடுமாங்க? போயி உள்ளதச் சொல்லிட்டு வாங்க.”

போனேன். மேசையில் இருந்த பையன் நோட்டைப் புரட்டி என் பேரைக் கண்டுபிடித்தான். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே கேட்டான், “படுத்துடுச்சாண்ணே? யூரியா உப்பு எத்தன தடவ போட்டீங்க?”

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்தான். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். இந்த நெல்லுக்கு யூரியாவே காட்டாதே, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழு. குத்துக்கு ஒரு நாற்று வை, முக்கால் அடிக்குக் குறையாமல் இடம் விடு. ஐம்பது நாளில் பயிர் துள்ளினால் தோகையின் நுனியை அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போடு, உயரம் தாழும். தண்ணீரைக் கட்டி வைக்காதே, காயவிட்டுப் பாய்ச்சு. இதெல்லாம் எந்தத் துண்டறிக்கையிலும் இருந்திருக்கலாம், நான் படித்திருக்க மாட்டேன். பட்டுவிட்டுப் போய் உட்கார்ந்ததால் காதில் விழுந்தது. கிளம்பும்போது பையன் இன்னும் இரண்டு கிலோ கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டான். அதற்கடுத்த ஆண்டு எட்டு கிலோ கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள். விதையைச் சும்மா கொடுத்திருந்தால் நான் அங்கே திரும்பப் போயிருக்க மாட்டேன். காசுக்கு விற்றிருந்தாலும் போயிருக்க மாட்டேன். கடன் இருந்ததால் போனேன், போனதால் என் தோல்வியைச் சொன்னேன், சொன்னதால் வழி கிடைத்தது. அந்த நோட்டில் பேர் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு வெற்றியையோ தோல்வியையோ சொல்ல வருகிறார்கள். அதைக் கேட்கப் புதிதாக நாலு பேர் வருகிறார்கள். வேறு சாதி, வேறு மாவட்டம், ஒரே வரப்பில் உட்கார்ந்த மாதிரி பேசிக்கொள்கிறார்கள். சமூகத்துக்கு என்ன நன்மை என்று கேட்டீர்களே, நான் கண்டது இதுதான்.

இரண்டு கிலோவில் என்னங்க ஆகும் என்று அன்று நானும் கேட்டேன். கணக்குப் போடுவோம். ஆயிரம் நெல் சுமாராக 20 முதல் 25 கிராம். அப்படியானால் இரண்டு கிலோவில் எண்பதாயிரம் நெல்லுக்குக் குறையாது. 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடம் விட்டு ஒற்றை நாற்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு 65 ஆயிரம் குத்து. முளைக்காதது, நண்டு வெட்டியது எல்லாம் போனாலும் ஏறக்குறைய ஒரு ஏக்கர், நம் கணக்கில் மூன்று மா, அந்தச் சின்னப் பையில் அடங்கிவிடுகிறது. முப்பது கிலோ தெளித்துப் பழகிய நமக்கு நம்ப முடியாது. எனக்கும் நட்டுப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

இன்னொன்று, நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பக்கத்து வயல் நெல்லோடு கலப்பது மிகவும் குறைவு. அதனால் போன ஆண்டு அறுத்த நெல்லையே இந்த ஆண்டு விதைக்கலாம், குணம் மாறாது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் இப்படிச் செய்ய முடியாது, ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டமும், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட ரகத்தை அதன் பேர் போட்ட பையில் அடைத்து விற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த மேசையும் நோட்டும் இந்த உரிமையை நம் கையில் பிடித்துக் கொடுத்தன.

கலவன் எடுக்கிற வேலையையும், அதாவது வயலில் கலந்துவிட்ட வேறு நெல்லைப் பிடுங்குவதையும், இந்தக் கடனால்தான் திரும்பக் கற்றேன். கதிர் பால் பிடிக்கும்போது என் அத்தை வயலில் இறங்குவார். அவருக்கு எழுபது வயது. நாலு அடிக்கு ஒரு தடவை நின்று பார்ப்பார். எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். அவர் ஒரு கதிரைப் பிடித்து, “இது நம்ம புள்ள இல்ல” என்று வேரோடு பிடுங்கிப் போடுவார். கதிரின் கழுத்து, கணுவின் நிறம், தோகை நிற்கிற வாட்டம், இவற்றை வைத்து அவர் அடையாளம் கண்டார். திருப்பித் தருகிற விதை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் அத்தையின் அந்தக் கண்ணை வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டோம். இப்போது என் மகள் அவர் பின்னாலேயே நடக்கிறாள்.

வருமானத்துக்கு வருகிறேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். என் வயலில் சி.ஆர். 1009 ஏக்கருக்கு 28 மூட்டை கண்டது, மாப்பிள்ளைச் சம்பா 16 மூட்டைதான். உரக்கடை, மருந்துக்கடைக் கணக்கு இல்லை என்பதால் செலவு பாதிக்கு வந்தது. வைக்கோல் கூடுதல், அதை வாங்க மாட்டுக்காரர்கள் போட்டி போட்டார்கள். ஆனால் நெல்லை எங்கே விற்பது? நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சன்னரகம், பொதுரகம் என்று இரண்டே விலைதான். என்னுடைய சிவப்பரிசிக்கு அங்கே பொதுரக விலை. ஆலைக்குக் கொண்டுபோனேன். பெரிய ஆலை ஒன்றில், “லாரிக் கணக்குல வந்தா அரைப்போம், 16 மூட்டைக்கு மிஷினைக் கழுவ முடியாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் நியாயமும் எனக்குப் புரிகிறது. கடைசியில் ஒரு சின்ன மாவுமில்காரர் அரைத்துக் கொடுத்தார், பாதி குருணை.

திருவிழா இந்த முட்டுக்கு ஒரு வழி செய்தது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்கள் விளைவித்தவர் முகத்தைப் பார்த்து அரிசி வாங்குகிறார்கள். பேர் தெரியும், ஊர் தெரியும், அடுத்த மாதம் போன் செய்கிறார்கள். திருவிழாவின் இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த பதினோரு வீடுகள் இன்றைக்கும் என் வாடிக்கை. எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து அவல் இடிக்கிறார்கள், புட்டு மாவு வறுக்கிறார்கள். நெல்லாக விற்றால் கிடைப்பதைவிட அவலாக விற்றால் கூடுதல், அந்தக் கூடுதல் அவர்கள் கைக்குப் போகிறது.

இதில் நாம் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கருப்புக் கவுனிக்கு நல்ல விலை என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கவுனியையே நட்டோம். இரண்டே ஆண்டில் அரிசி தேங்கியது, விலை இறங்கியது. ஒரே நெல்லை எல்லோரும் நட்டதால்தான் பழைய நெல் அழிந்தது என்று மேடையில் பேசியவர்களே ஒரே பழைய நெல்லை நட்டோம். இந்த அரிசி சர்க்கரையைப் போக்கும், அந்த அரிசி புற்றைப் போக்கும் என்று சிலர் பொட்டலத்தில் அச்சடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தவிடு நீக்காத சிவப்பரிசி நல்ல உணவு, அதில் சந்தேகமே இல்லை. மருந்து என்று பொய் சொல்லி விற்றால், பொய் வெளுக்கிற அன்று அரிசியும் சேர்ந்து போகும்.

கண்காட்சி வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1838இல் ஒரு வேளாண் கழகம் தொடங்கினார்கள். 1839இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் கண்காட்சி. நல்ல காளைக்கு, நல்ல ஆட்டுக்குப் பரிசு. அரச குடும்பத்தின் ஆதரவோடு நடந்த அந்தப் பெரிய கண்காட்சி 2009உடன் நின்றுவிட்டது. அவர்கள் செய்ததைச் சிறுமை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பரிசு என்று வந்தால் எல்லோர் கண்ணும் முதல் பரிசின் மேல்தான் போகும். நெல் திருவிழாவில் இதுதான் சிறந்த நெல் என்று ஒன்றுக்கு மாலை போட்டு நான் பார்த்ததில்லை. உப்புத் தரையா, குழியடிச்சான் கொண்டுபோ. தண்ணீர் தேங்குமா, மடுமுழுங்கி. குறைந்த நாளில் வேண்டுமா, பூங்கார். உன் மண்ணைச் சொல், உனக்கான நெல் இருக்கிறது என்பார்கள்.

மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன நன்மை என்பதற்கு நான் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை, என் படுத்த பயிரே சொல்லிவிட்டது. உயர்ந்து வளர்கிற இந்த நெல் யூரியாவைத் தாங்காது. போட்டால் சாயும். இயற்கை விவசாயம் செய் என்று நூறு தடவை சொன்னபோது கேட்காத நான், நெல் சொன்னபோது கேட்டேன். கதிர் வரும் முன்பே தோகை உயர்ந்து நிழல் கட்டிவிடுவதால் களையும் குறைவு. மூன்றாம் ஆண்டு என் வயலில் நத்தை வந்தது. நத்தை வந்த பிறகு கொக்கு வந்தது. மடைவாயில் என் மகள் ஒரு குறவை மீனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். என் சின்ன வயதுக்குப் பிறகு எங்கள் வயலில் குறவையை அன்றுதான் பார்த்தேன். நாம் கடைமடைக்காரர்கள். மேலே இருக்கிறவர்கள் வயலில் தெளித்தது, கழுவியது எல்லாம் வடிந்து நம்மிடம்தான் வருகிறது. கடலும் பக்கத்தில் இருக்கிறது, நிலத்தடியில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. 2004 சுனாமியில் கடல் நீர் நின்ற வயல்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உப்பைத் தாங்குகிற நெல் எந்த ஊரில் எவர் கையில் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நமக்குச் சோற்றுப் பிரச்சினை.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தது. தென்னையெல்லாம் விழுந்து, கூரையெல்லாம் பறந்து, மின்சாரம் இல்லாமல் நாம் கிடந்த நாட்கள். அடுத்த மூன்று வாரத்தில், டிசம்பர் 6-ஆம் தேதி, சென்னையில் ஜெயராமன் இறந்தார். 50 வயது, புற்றுநோய். எங்கள் ஊரில் பலர் அன்று சொன்னது, இனி திருவிழா அவ்வளவுதான் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். 2019இல் திருவிழா நடந்தது. அவர் குடும்பத்தாரும் தோழர்களும் பொறுப்பெடுத்தார்கள். விதை ஓரிடத்தில் இருந்திருந்தால் அந்த ஆண்டுக் காற்றோடு போயிருக்கும். அது ஆயிரம் வீடுகளில் கடனாக இருந்தது. கடன்பட்டவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிற்பாடு தமிழ்நாடு அரசும் அவர் பேரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது, பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் பாடத்திலும் அவரைப் பற்றி வைத்தார்கள். நல்லது. ஆனால் அரசு விதையை மானியத்தில் கொடுக்கும்போது அதைத் திருப்பிக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். இரண்டு மடங்கு வேண்டாம், வாங்கிய அளவே போதும். திருப்பித் தர வருகிறவனிடம் விளைந்ததா என்று கேட்க அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

வாங்கியவர்கள் எல்லோரும் திருப்பித் தருகிறார்களா என்றால், இல்லை. நோட்டில் நிறையப் பேர் எதிரே வெற்று இடம்தான். எனக்கு அது வருத்தம்தான், ஆனால் அந்த வெற்று இடங்களில் ஒன்றாக நானும் ஒரு வருடம் இருந்தேன்.

சரி, பைகளுக்கு வருவோம். ஏழு பை கொண்டுவந்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ. மூன்று பூங்கார், இரண்டு மாப்பிள்ளைச் சம்பா, ஒரு குழியடிச்சான், ஒரு சிவப்புக் குடவாழை. பூங்காரைக் குறுவைக்கே விடலாம். குடவாழையும் குழியடிச்சானும் உப்பு ஏறிய தரை வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல மண் உள்ளவர்கள் அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். எல்லாம் தை மாதம் அறுத்தது, கலவன் எடுத்தது, முளைப்பு பார்த்தது. நூறு நெல்லை ஈரத்துணியில் கட்டி வைத்ததில் குடவாழையில் மட்டும் 82தான் முளைத்தது, அதனால் அந்தப் பையில் ஒரு கால் கிலோ கூடுதலாகப் போட்டிருக்கிறேன். நோட்டு நூலகர் அம்மாவிடம் இருக்கிறது, பேனாவைச் சணல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பேர், ஊர், ரகம், கையெழுத்து. அடுத்த ஆண்டு விழாவுக்கு நான்கு கிலோவோடு வாருங்கள், பயிர் படுத்திருந்தால் வெறுங்கையோடு வாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா எடுக்கிறவர்கள் மட்டும் போவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.